அமெச்சூர் வானொலிப் போட்டிப் பதிவேடு

அமெச்சூர் வானொலிப் போட்டிப் பதிவேடு என்பது, ஒரு வானொலிப் போட்டியின்போது ஓர் அமெச்சூர் வானொலி நிலையம் ஏற்படுத்திய தொடர்புகள் அனைத்தையும் நேர வரிசைப்படி குறித்து வைக்கும் ஆவணம் ஆகும். ஹாம்கள் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலியாளர்களிடையே இது சுருக்கமாக லாக் எனப்படுகிறது. குறிப்பிட்ட கால எல்லைக்குள் இயன்ற அளவு அதிக நிலையங்களுடனும் அதிக நாடுகளுடனும் தொடர்பு கொள்வதே இப்போட்டிகளின் நோக்கம். ஓட்டப்பந்தயத்தில் இருப்பது போல இங்கு நடுவர் எவரும் அருகில் இருப்பதில்லை. போட்டியாளர் தன் வீட்டு அறையில் தனியே அமர்ந்திருக்கிறார்; அவர் என்ன செய்தார் என்பதற்கு அவரே எழுதிய பதிவேடுதான் முதற் சான்று. ஆகவே பதிவேட்டை எவ்வாறு எழுதுவது, எழுதுவதற்கு எந்தக் கருவியின் உதவியைப் பெறலாம், எழுதியதை யார் சரிபார்ப்பது ஆகிய வினாக்கள் போட்டியின் நேர்மையோடு நேரடித் தொடர்பு உடையவை.

சட்டப் பதிவேடும் போட்டிப் பதிவேடும்

பதிவேடு எழுதும் பழக்கம் போட்டிகளிலிருந்து தோன்றியதன்று. உரிமம் வழங்கும் அரசுகளே அதனை நெடுங்காலம் கட்டாயமாக்கி வந்தன. இந்தியாவின் 1978ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்தி (அமெச்சூர் சேவை) விதிகள், நிலையத்திலிருந்து செய்யப்படும் எல்லா அலைபரப்புகளையும் தனித்தாள்களில் அல்லாமல் கட்டப்பட்ட புத்தகத்தில் குறித்துவைக்க வேண்டும் என்று கூறின. பக்கத்தைக் கிழித்தால் தெரிந்துவிடும் என்பதே கட்டப்பட்ட புத்தகத்தின் பயன். போட்டிப் பதிவேடு இதற்கு நேர்மாறான வடிவம் கொண்டது. அது இன்று ஒரு கணினிக் கோப்பு. எந்த வரியையும் தடயமின்றி மாற்றிவிடலாம். அதன் நம்பகத்தன்மை தாளிலிருந்து வருவதில்லை, மறுமுனையில் இருந்தவரின் பதிவேட்டிலிருந்து வருகிறது.

போட்டிப் பதிவேட்டின் ஒரு வரியில் அதிர்வெண், பரப்பு முறை (பேச்சு, மோர்ஸ் முதலியன), நாள், நேரம், தன் அழைப்புக் குறி, தான் அனுப்பிய செய்தி, எதிர் நிலையத்தின் அழைப்புக் குறி, பெற்ற செய்தி ஆகியவை இடம்பெறும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் சிகியூ இதழ் 1948இல் தொடங்கிய சிகியூ உலகளாவிய டிஎக்ஸ் போட்டியில், சைகை வலிமைக் குறிப்பும் வலய எண்ணும் பரிமாறப்படுகின்றன. உலகம் 40 வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியப் பெருநிலமும் இலங்கையும் 22ஆம் வலயத்தில் அடங்கும். எனவே புதுச்சேரி நெல்லித்தோப்பில் உள்ள ஒரு நிலையம் பேச்சுப் போட்டியில் "59 22" என்று சொல்லும்.

இதில் 59 என்பது மிகத் தெளிவான, மிக வலிமையான சைகை என்று பொருள்படும். மோர்சில் அது 599 ஆகும். இரைச்சலுக்குள் புதைந்து, மும்முறை கேட்டும் பிடிபடாத நிலையத்துக்கும் போட்டியாளர்கள் இதையே அனுப்புகின்றனர். பதிவு மென்பொருள்கள் அந்த எண்ணைத் தாமாகவே நிரப்பிவிடுகின்றன. ஒவ்வொரு பிழைக்கும் தண்டம் விதிக்கும் ஓர் ஆவணத்தில், பெரும்பாலும் உண்மையல்லாத ஒரு பகுதியை மட்டும் எவரும் கேள்வி கேட்பதில்லை.

நேரம் எப்போதும் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தில் எழுதப்படும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே மேற்கூறிய 48 மணிநேரப் போட்டி இந்தியாவில் சனிக்கிழமை காலை 5.30க்குத் தொடங்கித் திங்கட்கிழமை காலை 5.30க்கு முடிகிறது. கணினியின் கடிகாரத்தை உள்ளூர் நேரத்திலேயே விட்டுவிட்டால் பதிவேடு முழுவதும் ஐந்தரை மணி தள்ளிப்போய், பிற பதிவேடுகள் எதனோடும் பொருந்தாது.

தாளிலிருந்து கோப்புக்கு

கணினிக்கு முந்திய காலத்தில் ஒரு கையில் பென்சிலும் மறுகையில் மோர்ஸ் சாவியுமாகப் பதிவு செய்தனர். ஒரே அலைப்பட்டையில் ஒரே நிலையத்தோடு இரண்டாவது முறை தொடர்பு கொண்டால் புள்ளி கிடையாது. ஆதலால், ஏற்கெனவே தொடர்பு கொண்ட அழைப்புக் குறிகளை எழுத்து வரிசையில் கட்டங்களில் எழுதிய தனித்தாள் ஒன்று பக்கத்தில் இருக்கும். போட்டி முடிந்தபின் அனைத்தையும் படியெடுத்து, புள்ளிகளைக் கூட்டி, அஞ்சலில் அனுப்ப வேண்டும். அமைப்பாளர்களின் தரப்பில் தன்னார்வலர்கள் அவற்றைக் கையால் சோதித்தனர். ஆயிரக்கணக்கான தொடர்புகள் கொண்ட பதிவேடுகளை முழுமையாகச் சோதிப்பது அவர்களால் இயலாத செயல். ஆகவே முன்னணி நிலையங்களின் சில பக்கங்களே பார்க்கப்பட்டன.

1980களில் அமெரிக்கரான கென் உல்ஃப் உருவாக்கிய சிடி என்னும் நிரல் இந்நிலையை மாற்றத் தொடங்கியது. தட்டச்சு செய்த உடனே, அந்த நிலையத்தோடு முன்பே தொடர்பு கொண்டாயிற்றா, அது புதிய நாடா என்பதைத் திரை காட்டியது. பின்னர் வந்த என்1எம்எம் லாகர் போன்ற இலவச மென்பொருள்களும், லினக்சில் இயங்கும் டிஎல்எஃப் போன்ற கட்டற்ற மென்பொருள்களும், விலை கொடுக்க இயலாதவர்களுக்கும் அதே வசதியை அளித்தன. அலைபரப்பிக்கும் ஆண்டெனாவுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஏழை நிலையமும் பணக்கார நிலையமும் சமமாக இருப்பது மென்பொருளில் மட்டுமே எனலாம்.

1999இல் டிரே கார்லோ முன்மொழிந்த கப்ரியோ என்னும் கோப்பு வடிவம் இதைவிட முக்கியமானது. அது எளிய உரைக்கோப்பு. ஒரு தொடர்புக்கு ஒரு வரி. எந்த மென்பொருளில் எழுதினாலும் ஒரே வடிவில் வந்து சேர்ந்ததால், எல்லாப் பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது எளிதாயிற்று.

குறுக்குச் சரிபார்ப்பு

நெல்லித்தோப்பு நிலையம் ஒரு செருமானிய நிலையத்தைப் பதிவு செய்திருந்தால், அந்தச் செருமானியப் பதிவேட்டிலும் அதே அலைப்பட்டையில், ஏறத்தாழ அதே நேரத்தில், நெல்லித்தோப்பு நிலையத்தின் அழைப்புக் குறி இருக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பதிவேடுகளைப் பகிர்ந்துகொண்டதும் இல்லை. இரண்டு அந்நியர்களின் குறிப்புகள் ஒத்துப்போவதே சான்றாகிறது. கணினி இவ்வொப்பீட்டை இலட்சக்கணக்கான வரிகளுக்குச் செய்கிறது.

ஒத்துப்போகாத வரிகள் சில வகைப்படும். எதிர் நிலையத்தின் பதிவேட்டில் தொடர்பே இல்லாவிட்டால் அது பதிவில் இல்லாத தொடர்பு. அழைப்புக் குறி தவறாக எழுதப்பட்டிருந்தால் அது சிதைந்த அழைப்பு. மோர்சில் எஸ் என்னும் எழுத்து மூன்று புள்ளிகள், எச் நான்கு புள்ளிகள், 5 என்னும் எண் ஐந்து புள்ளிகள். மங்கிய சைகையில் ஒரு புள்ளி தவறினால் வேறொரு மனிதரின் பெயரை எழுதியதாகிவிடும். சிகியூ போட்டியின் விதிப்படி இவ்விரு வகைகளிலும் தொடர்பு நீக்கப்படுவதோடு, அதற்குரிய புள்ளியைப் போல இரு மடங்கு தண்டமாகவும் கழிக்கப்படுகிறது. செருமானியத் தொடர்புக்கு மூன்று புள்ளி எனில், ஒரு பிழை அந்த மூன்றோடு, சரியாக எழுதிய வேறு இரண்டு தொடர்புகளின் ஆறு புள்ளிகளையும் கொண்டுபோகிறது. தண்டம் இல்லாவிட்டால் ஐயமுள்ளதை எல்லாம் ஊகித்து எழுதுபவருக்கு ஆதாயமாகிவிடும் என்பதே இதன் காரணம்.

மூன்றாவது வகை தனியழைப்பு. அதாவது, உலகில் வேறு எவருடைய பதிவேட்டிலும் காணப்படாத அழைப்புக் குறி. அது பிழையாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம், பத்து நிமிடம் மட்டும் வானொலியைத் திறந்து ஒரே ஒருவரோடு பேசிய உண்மையான மனிதராகவும் இருக்கலாம். எனவே தனியழைப்பு என்ற காரணத்துக்காக மட்டும் தொடர்பு நீக்கப்படுவதில்லை. ஆனால் ஒரு பதிவேட்டில் அவை வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருந்தால் சரிபார்ப்போர் கவனிக்கின்றனர். இந்தியா போன்று குறைவான போட்டியாளர்களைக் கொண்ட நாடுகளுக்கு இது குறிப்பிடத்தக்கது. பத்துத் தொடர்பு மட்டுமே செய்த ஒருவர் தம் பதிவேட்டை அனுப்பாமல் விட்டால், அவருக்கு இழப்பில்லை. அவரை நேர்மையாகப் பதிவு செய்த பத்துப் பேரின் வரிகளே சான்றின்றி நிற்கின்றன. போட்டியிட விரும்பாதவர்களும் சரிபார்ப்புப் பதிவேடு என்ற பெயரில் தம் கோப்பை அனுப்பலாம் என்ற ஏற்பாடு இதற்காகவே உள்ளது.

போட்டி முடிந்த பிறகு ஒலிப்பதிவைக் கேட்டோ, தரவுத்தளத்தைப் பார்த்தோ, எதிர் நிலையத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டோ பதிவேட்டைத் திருத்துவது விதிமீறல். தாள்காலத்தில் பதிவேடுகளை அனுப்ப வாரக்கணக்கில் அவகாசம் இருந்தது. இப்போது பெரிய போட்டிகளில் அது சில நாள்களாகச் சுருங்கியுள்ளது. திருத்தி எழுதும் ஆசைக்கு இடம் குறைவதும் இதனால் கிடைக்கும் பயன்களுள் ஒன்று. 2005ஆம் ஆண்டுப் போட்டி முதல் சிகியூ பதிவேடுகள் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படுகின்றன. முன்னணி இடத்துக்குப் போட்டியிடும் தனிநபர்கள் தம் நிலையத்தின் ஒலிப்பதிவைக் கேட்டால் தரவேண்டும் என்ற விதியும் பின்னர் சேர்க்கப்பட்டது.

கேட்டதும் காட்டப்பட்டதும்

மிகுந்த விவாதத்துக்கு உள்ளான செய்தி, எதிர் நிலையத்தைப் போட்டியாளர் தாமே தேடிக் கண்டுபிடித்தாரா என்பதாகும். அரிய நாடு ஒன்று எந்த அதிர்வெண்ணில் உள்ளது என்பதை ஹாம்கள் ஒருவருக்கொருவர் அறிவிக்கும் வலையமைப்புகள் டிஎக்ஸ் கிளஸ்டர் எனப்படுகின்றன. தொடக்கத்தில் இவை வானொலி வழியாகவே இயங்கின. பின்னர் இணையத்துக்கு மாறின. இவற்றைப் பயன்படுத்துவோரும் பயன்படுத்தாதோரும் சிகியூ போட்டியில் தனித்தனிப் பிரிவுகளில் போட்டியிடுகின்றனர். ஐரோப்பியத் தொடர்புகளை மையமாகக் கொண்ட, செருமனியிலிருந்து நடத்தப்படும் டபிள்யூஏஈ போட்டியோ எல்லோரையும் பயன்படுத்த அனுமதிக்கிறது. கண்காணிக்க இயலாத ஒன்றைத் தடை செய்வதில் பொருளில்லை என்ற நோக்கு ஒருபுறமும், காதால் தேடுவதே இக்கலையின் உயிர் என்ற நோக்கு மறுபுறமும் உள்ளன. இந்தியாவில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியதே 1995 ஆகத்து 15இல்தான். அக்காலத்தில் இந்திய ஹாம்களுள் பெரும்பாலோர் எந்தக் கொள்கையும் இன்றியே உதவி பெறாப் பிரிவில் இருந்தனர்.

2008இல் அலெக்ஸ் ஷோவ்கோப்லியாஸ் வெளியிட்ட சிடபிள்யூ ஸ்கிம்மர் என்னும் மென்பொருள் இவ்விவாதத்தைக் கூர்மையாக்கியது. அது ஓர் அலைப்பட்டையில் ஒலிக்கும் மோர்ஸ் சைகைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் படித்து, யார் எங்கே அழைக்கிறார் என்பதைப் பட்டியலிடுகிறது. இங்கு வேறு மனிதர் எவரும் உதவவில்லை; தன் வீட்டுக் கணினிதான் கேட்கிறது. ஆயினும் மனிதச் செவியின் வேலையைப் பொறி செய்கிறது என்பதால், பெரும்பாலான அமைப்பாளர்கள் அதனையும் உதவி என்றே வகைப்படுத்தினர். உலகெங்கும் தன்னார்வலர்கள் இம்மென்பொருளை இணையத்தோடு இணைத்து நடத்தும் வலையமைப்பு ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் ஆகும்.

உதவி பெற்றுக்கொண்டு, பெறாப் பிரிவில் சேர்வோரைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? தேர்வுக்கூடத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் விடைகள் ஒன்றாக இருப்பதைவிட, பிழைகள் ஒன்றாக இருப்பதே காட்டிக்கொடுக்கும். கிளஸ்டரில் ஓர் அழைப்புக் குறி தவறாக அறிவிக்கப்பட்டால், அதே தவறு பல பதிவேடுகளில் அடுத்த சில நிமிடங்களில் தோன்றுகிறது. மேலும், அறிவிப்பு வெளியான சில நொடிகளில் ஒருவர் அந்த அதிர்வெண்ணுக்குத் தாவுவது ஒருமுறை தற்செயலாகலாம். 48 மணிநேரமும் தற்செயலாக முடியாது. தன்னைத் தானே கிளஸ்டரில் அறிவித்துக்கொள்வது, பட்டை மாறுவதற்கான காத்திருப்பு விதியை ஏய்க்கப் பதிவேட்டின் நேரங்களை நகர்த்துவது போன்றவையும் இவ்வாறே ஒப்பீட்டில் வெளிப்படுகின்றன. ஏமாற்றுவதை எளிதாக்கிய அதே வலையமைப்புகளின் சேமிப்பே சரிபார்ப்போருக்குச் சாட்சியாகவும் அமைந்துள்ளது.

இதைவிட நுண்ணிய உதவியும் உண்டு. பல பதிவேடுகளில் காணப்பட்ட அழைப்புக் குறிகளைத் தொகுத்த தரவுக்கோப்பு ஒன்றைப் பதிவு மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன. மூன்று எழுத்துத் தட்டச்சு செய்ததும் அது பொருந்தக்கூடிய குறிகளைக் காட்டும். இது விதிகளால் பொதுவாக அனுமதிக்கப்பட்டதே. ஆனால் கோப்பில் இடம்பெற்றவர் எப்போதும் போட்டியிடும் பழையவர். புதிதாக உரிமம் பெற்றவர் அதில் இருக்கமாட்டார். களைத்துப்போன எதிர் நிலையத்தார், கேட்ட குறியை விட்டுத் திரையில் தெரிந்த குறியை எழுதிவிட்டால், புதியவரோடு கொண்ட தொடர்பு வேறொருவர் பெயருக்குப் போகிறது. குறி ஒன்றிரண்டு எழுத்தே வேறுபட்டால் சரிபார்க்கும் நிரல் பொதுவாக உண்மையை ஊகித்து, எழுதியவரையே தண்டிக்கும்.

எல்லைக்கோடுகளும் புள்ளிகளும்

பதிவேடு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், நிலையம் அமைந்த இடம் புள்ளிகளைத் தீர்மானிக்கிறது. சிகியூ போட்டியில் வேறு கண்டத்துக்கு 3 புள்ளி. ஒரே கண்டத்தின் வேறு நாட்டுக்குப் பொதுவாக 1 புள்ளி. சொந்த நாட்டுக்குப் புள்ளி இல்லை, ஆனால் நாடும் வலயமும் பெருக்கெண்களாகக் கணக்கில் சேரும். ஹாம்கள் மிகுந்த சப்பானோடு பேசும் இந்தியருக்கு ஒரு புள்ளியே கிடைக்கிறது. காநாரித் தீவுகள் அரசியல்படி ஸ்பெயினைச் சேர்ந்தவை, போட்டிக் கணக்கில் ஆப்பிரிக்கா. எனவே அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் மூன்று மூன்று புள்ளிகளாகக் கிடைக்கும். பெரும் புள்ளிகளைக் குறிவைப்போர் விமானம் ஏறி அத்தீவுகளுக்குச் செல்வதன் காரணம் இதுவே. தென்னிந்தியாவிலிருந்து வட அமெரிக்காவுக்கான பாதையோ, துருவப் பகுதியைக் கடந்து செல்லும் மிகக் கடினமான ஒன்று.

எந்த நிலம் தனி நாடு என்பதை அமெரிக்க வானொலி அஞ்சல் கழகத்தின் டிஎக்ஸ்சிசி பட்டியல் பெருமளவு தீர்மானிக்கிறது. இப்பட்டியலில் புதுச்சேரிக்குத் தனி வரலாறு உண்டு. பிரெஞ்சு இந்தியா எஃப்என்8 என்னும் முன்னொட்டுடன் தனி நாடாகக் கணக்கிடப்பட்டது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியதால், அவ்வாண்டு அக்டோபர் 31 வரையிலான தொடர்புகளே அந்நாட்டுக்குரியவையாக ஏற்கப்படுகின்றன. இப்போது அது நீக்கப்பட்ட நாடுகள் பட்டியலில் உள்ளது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16இல் நிகழ்ந்ததெனினும், பட்டியல் நடைமுறை மாற்றத்தையே கொண்டது. இன்றைய விதியை அன்றைக்குப் பொருத்திப் பார்த்தால், நெல்லித்தோப்புக்கும் சற்றே வடக்கில் உள்ள கோட்டக்குப்பத்துக்கும் இடையிலான தொடர்பு இரு நாடுகளுக்கு இடையிலானது, 1 புள்ளி பெறுவது. மறுநாள் காலை அதற்குப் புள்ளி இல்லை. ஆண்டெனாவோ இரைச்சலோ மாறவில்லை. இதற்கு மாறாக, அந்தமான் தீவுகள் இந்தியாவின் பகுதியாக இருந்தும் தொலைவு காரணமாக இன்றும் தனி நாடாகவும், 26ஆம் வலயமாகவும் எண்ணப்படுகின்றன.

அரசியல் எல்லையைத் தவிர்க்கத் தொலைவையே அளவுகோலாகக் கொண்ட போட்டிகள் தோன்றின. 2019இல் தொடங்கிய டபிள்யூடபிள்யூ டிஜி போட்டியில் ஒவ்வொரு தொடர்புக்கும் 1 புள்ளியும், ஒவ்வொரு 3,000 கி.மீ. தொலைவுக்கும் கூடுதலாக 1 புள்ளியும் உண்டு. பெருக்கெண் நாடுகளால் அன்றி, மெய்டன்ஹெட் கட்டங்களால் கணக்கிடப்படுகிறது. இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் 1980இல் ஏற்கப்பட்ட இம்முறை உலகை 20 பாகை அகலமும் 10 பாகை உயரமும் உள்ள கட்டங்களாகப் பிரிக்கிறது. ஆனால் கட்டத்துக்கும் கோடு உண்டு. கிழக்கு 80 பாகைக் கோடு புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே செல்கிறது. நெல்லித்தோப்பு எம்கே கட்டத்திலும், சாலை வழி ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலுள்ள சென்னை என்கே கட்டத்திலும், யாழ்ப்பாணம் என்ஜே கட்டத்திலும் விழுகின்றன.

திறனும் சமனும்

1978ஆம் ஆண்டு விதிகளின் பிற்காலத் திருத்தங்களின்படி, இந்தியாவில் கட்டுப்படுத்தப்பட்ட நிலை உரிமத்துக்கு 50 வாட்டும், பொது நிலை உரிமத்துக்கு 400 வாட்டும் உச்ச வரம்புகள். சிகியூ போட்டியின் உயர்திறன் பிரிவு 1,500 வாட் வரையும், குறைதிறன் பிரிவு 100 வாட் வரையும் அனுமதிக்கிறது. ஆகவே சட்டத்தை மதிக்கும் இந்தியர் உயர்திறன் பிரிவில் ஏறத்தாழ 6 டெசிபெல் பின்தங்கியே தொடங்குகிறார். வரம்பை மீறிய திறனைப் பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், மேற்கூறிய சரிபார்ப்பு நுட்பங்கள் எட்டாத இடம் இதுவே.

நகர நிலையங்களின் மற்றொரு சிக்கல், எல்இடி விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் மின் இரைச்சல். நெதர்லாந்தின் துவென்டே பல்கலைக்கழகத்தில் 2008 முதல் இணையம் வழியாக எவரும் கேட்கக்கூடிய அலைவாங்கி இயங்குகிறது. அதுபோன்றவை பல நாடுகளில் உள்ளன. மாடியில் கம்பி கட்டி இரைச்சலோடு போராடுபவருக்கு அது பெரும் கவர்ச்சி. ஆனால் எல்லா அலைபரப்பிகளும் அலைவாங்கிகளும் 500 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று சிகியூ விதி கூறுகிறது. பிறர் நாட்டு அலைவாங்கியில் கேட்டு எழுதிய வரி, வடிவத்தில் சரியாக இருந்தாலும் ஏற்புடையதன்று. இவ்விதி இரைச்சல் மிகுந்த தெருவில் வாழ்பவருக்கு உதவுவதாகச் சொல்ல முடியாது.

இடத்தையும் கருவியையும் உண்மையாகவே சமன் செய்ய முயன்றது, 1990இல் சியாட்டிலில் முதலில் நடந்த உலக வானொலி விளையாட்டு அணி வாகையர் போட்டி. 2014இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்திலும், 2018இல் செருமனியிலும், 2023இல் இத்தாலியிலும் நடந்த போட்டிகளில், இருவர் கொண்ட அணிகள் ஒரே பகுதியில், ஒரே வகை ஆண்டெனாவோடு, 100 வாட் வரம்பில் இயங்கின. அழைப்புக் குறிகள் கடைசி நேரத்தில் தரப்பட்டன. ஆகவே நண்பர்கள் அடையாளம் கண்டு உதவ வழியில்லை. ஒவ்வோர் அணியோடும் நடுவர் ஒருவர் அமர்ந்திருந்தார்.

தன்னியக்கத் தொடர்புகள்

இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற சோசப் டெய்லரும் இசுடீவ் ஃபிராங்கும் 2017இல் வெளியிட்ட எஃப்டி8 முறையில், 15 நொடித் துண்டுகளாகக் கணினிகளே செய்திகளை அனுப்பிப் பெறுகின்றன. செவிக்கு எட்டாத சைகையும் படிக்கப்படுகிறது. பதிவேட்டு வரியும் தானாக நிரம்புகிறது. சிறிய கம்பி ஆண்டெனாவும் குறைந்த திறனும் கொண்ட நகர நிலையங்கள் தொலைதூரத் தொடர்பு கொள்ள இது பெரும் வாய்ப்பளித்தது. அதே வேளையில், சிறிய நிரல் ஒன்றைச் சேர்த்தால் உரிமையாளர் உறங்கும்போதும் நிலையம் புள்ளி சேர்க்கும். ஒவ்வொரு தொடர்பையும் இரு முனைகளிலும் மனிதரே அந்நேரத்தில் தொடங்கிவைக்க வேண்டும் என்று டபிள்யூடபிள்யூ டிஜி விதி கூறுகிறது. எஃப்டி8இல் சிதைந்த அழைப்புகள் மிகக் குறைவு. பிழைதிருத்தக் குறியீடு அவற்றைத் தடுத்துவிடுகிறது. இதனால் ஒரே பிழையைக் கொண்டு பார்த்தெழுதியவரைக் கண்டுபிடிக்கும் முறை இங்குப் பயன்படுவதில்லை. 24 மணிநேரமும் ஒரே சீராக, இடைவெளியின்றி, தடுமாற்றமின்றி ஓடும் பதிவேடே இப்போது ஐயத்துக்குரியதாகப் பார்க்கப்படுகிறது.